குறைத்துச் சொல்லத் தெரியாத பக்கீர் பாய்

பம்மலில் மோட்டார்களுக்குச் செப்புக் கம்பிக் காயில் கட்டிக் கொடுக்கும் பக்கீர் முகமதுவைப் பற்றி யாரிடம் கேட்டாலும் நல்ல மனுஷன் என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், போன ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு ஐம்பத்தாறு வரைக்கும். இப்போதும் அவர் நல்ல மனுஷன்தான். ஆனால் அதைச் சொல்வதற்கு முன் ஒருமுறை யோசிக்கிறேன்.

நான் ஹேமாவதி. ராஜகீழ்ப்பாக்கத்தில் வீடு. பொத்தேரிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் லேபில் வேலை. எதற்கெடுத்தாலும் பயப்படுகிற ஜென்மம். கேஸை மூடினேனா என்று பார்க்க பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்குத் திரும்பிய நாட்கள் எத்தனையோ உண்டு. பெரிய வெள்ளத்தின்போது மூன்று நாள் போன் இல்லாமல் தவித்ததில், தண்ணீர் வடிந்த கையோடு அமெச்சூர் ரேடியோ பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினேன். மொட்டைமாடியில் ஒரு ஆன்டெனாவைக் கட்டிக்கொண்டு வயர்லெஸ்ஸில் ஊர் உலகத்தோடு பேசுகிற பொழுதுபோக்கு அது. பக்கீர் பாய் அதில் எனக்குப் பதினைந்து வருஷம் சீனியர். அவர் வீட்டு மாடியில் நிற்கும் பெரிய ஆன்டெனாவைத் தெருக்காரர்கள் மீன்முள் என்பார்கள்.

எங்கள் பழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். வயர்லெஸ்ஸில் ஒருவர் பேசினால், அவர் குரல் நமக்கு எப்படிக் கேட்கிறது என்று முதலில் இரண்டு எண் சொல்ல வேண்டும். தெளிவுக்கு ஐந்துக்கு எத்தனை, பலத்துக்கு ஒன்பதுக்கு எத்தனை. ஃபைவ் நைன் என்றால் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி கேட்கிறது என்று பொருள். நாளாவட்டத்தில் இது சாப்பிட்டீங்களா என்று கேட்கிற மாதிரி ஒரு மரியாதையாகிவிட்டது. பாதிப் பேர் எப்படிக் கேட்டாலும் ஃபைவ் நைன் கொடுத்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார்கள். பாய் அந்தப் பாதியில் முதல் ஆள். ஒருநாள் இடியும் மின்னலுமாக இருந்தபோது யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவருக்கு ஃபைவ் நைன் கொடுத்துவிட்டு, அவர் பேரையும் ஊரையும் சொன்ன விஷயத்தையும் மூன்று தடவை திரும்பச் சொல்லச் சொன்னார். ஒரு வாரம் அதை வைத்து ஓட்டினோம். அவரும் சேர்ந்து சிரித்தார்.

கடையிலும் அப்படித்தான். எரிந்து கரியாகிப்போன மோட்டாரைக் கொண்டுவந்து வைத்தாலும், இது தேறாது என்று அவர் வாயிலிருந்து வராது. "நல்ல மோட்டாரு சார், பாத்துக்கலாம்" என்பார். மூன்று மாதத்தில் அது திரும்பி வரும். அப்போதும் அதே பதில்தான். ஒருநாள் அவர் மனைவி சித்திகா என்னிடம் அலுத்துக்கொண்டாள்.

"உப்பே போடாத சால்னாவக் குட்த்தாலும் சூப்பருன்றாரு மேடம். இவரை வச்சிகினு நான் எப்போ சமைக்கக் கத்துக்கறது?"

நாங்கள் சிரித்தோம். யாருக்கும் கெடுதல் இல்லாத குணம் என்றுதான் எனக்கும் பட்டது.

அவருடைய மகள் ருக்ஸானா எங்கள் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் மூன்றாம் வருஷம். அவளும் அவளோடு படிக்கும் கேஷவும் இன்னும் நான்கு பிள்ளைகளும் சேர்ந்து வானத்தின் உச்சிக்கு ஒரு பலூன் விடுகிறோம் என்று கிளம்பினார்கள். ஹீலியம் நிரப்பிய ரப்பர் பலூன், அதன் கீழே ஒரு பாராசூட், அதன் கீழே தெர்மாகோல் பெட்டி. பெட்டிக்குள் கேமராவும், தான் இருக்கும் இடத்தையும் உயரத்தையும் நிமிஷத்துக்கு ஒருமுறை ரேடியோவில் கீச்சென்று சொல்லும் ஒரு டிரான்ஸ்மிட்டரும். அந்தக் கீச்சைப் பிடித்து எண்ணாக மாற்றுவது லேப்டாப்பின் வேலை. இருபத்தெட்டுக் கிலோமீட்டர் உயரத்தில் பலூன் வெடிக்கும், பெட்டி பாராசூட்டில் இறங்கும். டிரான்ஸ்மிட்டரை ருக்ஸானா தன் கையாலேயே செய்தாள். மூன்று வாரம் அவள் விரல்களில் ஈயம் உருக்கி ஒட்டும் சால்டரிங் புகை வாசம் போகவில்லை.

விமானக் கட்டுப்பாட்டு அறையில் அனுமதி வாங்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. ஒரே ஒரு நிபந்தனையை அவர்கள் அடிக்கோடிட்டுக் கொடுத்தார்கள். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை பெட்டி எங்கே, எந்த உயரத்தில் இருக்கிறது என்று போனில் சொல்ல வேண்டும். தெரியாமல் போனால் தெரியவில்லை என்று உடனே சொல்ல வேண்டும். ஜூலையில் மேல்காற்று மேற்கே அடிக்கும், பெங்களூரிலிருந்து வரும் விமானங்கள் சென்னைக்காக இறங்கத் தொடங்குவதும் அதே வழியில்தான். பெட்டி மிக உயரத்தில் இருக்கிறவரை கவலை இல்லை. இறங்கும்போது அது விமானங்கள் பறக்கிற உயரத்தைக் கடந்தாக வேண்டும். லைசென்ஸ் என் பேரில் இருந்ததால் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டவள் நான். போட்ட அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கடைசிச் சோதனை. ருக்ஸானா பெட்டியோடு கல்லூரி மாடியில் நின்றாள். பாய் பம்மலில் தன் வீட்டு மாடியில் காதில் ஹெட்போனோடு இருந்தார். நடுவில் பதினேழு, பதினெட்டுக் கிலோமீட்டர். பெட்டி இரண்டு முறை கீச்சிட்டது. அவள் போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"அத்தா, எப்டி கேக்குது?"

ஒரு நொடி தாமதித்தார் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

"ஃபைவ் நைன்மா. சும்மா கணீர்னு கீது."

அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பெட்டியைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். எண் வருகிறதா என்று அவரை லேப்டாப்பில் ஒருமுறை பார்க்கச் சொல்லலாமே என்று எனக்கு வாய்வரை வந்தது. சந்தேகப் பிராணி என்று ஏற்கெனவே பேர் வாங்கியவள் என்பதால் சும்மா இருந்துவிட்டேன். இன்றுவரை அதற்காக என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

ஞாயிறு காலை ஆறு நாற்பதுக்குக் கல்லூரி மைதானத்திலிருந்து பலூன் எழும்பியது. பிள்ளைகள் துள்ளினார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்றாவது மாடி லேபில் எங்கள் கட்டுப்பாட்டு மேஜை. கேஷவ் லேப்டாப்பில், ருக்ஸானா காகித வரைபடத்தோடு, நான் ஒரு கையில் வயர்லெஸ் மைக்கும் மறு கையில் போனுமாக. பெட்டி மேற்கே போகப் போக எங்களுக்குக் கேட்பது குறையும் என்பதால், பாயை முந்தியே வாலாஜாபாத் பாலாற்றங்கரைக்கு அனுப்பியிருந்தோம். சித்திகாவின் தம்பி ஜமீர் தன் ஆம்னி வேனை ஓட்டிக்கொண்டு போயிருந்தான். வேனில் பாயுடைய ரேடியோவும் ஒரு லேப்டாப்பும் இருந்தன. அது பிடிக்கும் எண்கள் நெட் வழியாக எங்களுக்கு வரும்.

ஆறு ஐம்பது, ஏழு, ஏழு பத்து என்று ஒவ்வொரு தடவையும் போன் செய்து ஒப்பித்தேன். எதிர்முனையில் ஒரு அதிகாரி, அலட்டிக்கொள்ளாத குரல், நான் சொல்வதைத் திரும்பச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். ஏழு முப்பத்தாறுக்கு வந்த கீச்சு பதினேழாயிரத்து இருநூறு மீட்டர், வாலாஜாபாத்துக்குச் சற்று மேற்கே என்றது. அதை வைத்து ஏழு நாற்பது அறிக்கையைச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு லேப்டாப்பில் ஒன்றும் வரவில்லை.

நாங்கள் எதிர்பார்த்ததைவிட இது ரொம்பச் சீக்கிரம். மைக்கை அழுத்தினேன்.

"பாய், எங்களுக்குப் பெட்டி கேக்கல. உங்களுக்கு எப்படி இருக்கு?"

"ஃபைவ் நைன் மேடம். கேட்டுகினே கீறேன். டேட்டா இதோ வந்துரும்."

உயிர் வந்தது. ஏழு ஐம்பதுக்குப் போனில், வாலாஜாபாத் ஸ்டேஷனில் நன்றாகக் கேட்கிறது, இரண்டு நிமிஷத்தில் இடம் சொல்கிறேன் என்றேன். அதிகாரி சரி என்றார். அவர் சரி என்ற அந்தச் சொல் என் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

இரண்டு நிமிஷம் ஆயிற்று, நான்கு ஆயிற்று. வாலாஜாபாத்திலிருந்து ஓர் எண்கூட வரவில்லை. கேஷவ் நெட்டைக் குறை சொன்னான். அப்புறம் என் பக்கம் குனிந்து மெதுவாகப் பேசினான்.

"மேடம், காத்த வச்சு நேத்து ஒரு பாதை கணக்குப் போட்டோம்ல. இப்ப அது எங்க இருக்கணும்னு அதுல இருக்கு. அதையே சொல்லிடலாம். பெருசா தப்பாகாது."

எனக்கும் அந்த ஆசை வரத்தான் செய்தது என்று ஒப்புக்கொள்கிறேன். இன்னும் இருபது நிமிஷத்தில் பலூன் வெடிக்கும். பெட்டி எங்கே இறங்குகிறது என்று தெரியாமல் ஒரு விமானத்தை அந்தப் பக்கம் வரவிட்டால் என்ன ஆகும் என்ற நினைப்பு என்னைத் தடுத்தது. அப்போதுதான் அந்த யாழ்ப்பாணத்துக்காரர் விஷயம் சுருக்கென்று மனதில் தைத்தது. மணி ஏழு ஐம்பத்தாறு.

"பாய், மரியாதைக்குச் சொல்ற நம்பர் எனக்கு வேணாம். நெஜமா எவ்வளவு கேக்குது, அத மட்டும் சொல்லுங்க. என் கையெழுத்து அதுல இருக்கு."

ருக்ஸானா வரைபடத்திலிருந்து நிமிர்ந்து ஸ்பீக்கரைப் பார்த்தாள். அவள் இங்கே நிற்கிறாள் என்று அவருக்குத் தெரியும். அவளுக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டாமோ என்று தோன்றியது, ஆனால் வேறு எப்படிக் கேட்பது?

"ரெண்டு... ஒண்ணு மேடம்," என்றார் கடைசியில். "காதை வச்சிகினு உத்துக் கேட்டா ஒரு கீச்சு வரா மாரி கீது. லேப்டாப்புக்கு அது பத்தல."

"எப்பத்துலேர்ந்து?"

"மொதல்லேர்ந்தே. நேத்தும் அப்டிதான். நேத்து மூணு ரெண்டு. நடுவுல பில்டிங்கு மறைக்குது, மேல போனா சரியாப் பூடும்னு நெனச்சேன். பொண்ணு அவ்ளோ ஆசயா கேட்டுச்சு மேடம். வாய் வரல."

ருக்ஸானாவின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. அந்த மனிதர் எதிரே இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. அதைவிடப் பெரிய வேலை கையில் இருந்ததால் போனை எடுத்தேன்.

"சார், பெட்டி எங்க இருக்குன்னு எங்களுக்குத் தெரியல. ஏழு முப்பத்தாறுக்கு அப்புறம் ஒரு தகவலும் இல்ல."

"ஏழு ஐம்பதுக்கு நல்லா கேக்குதுன்னு சொன்னீங்களே."

"அது தப்பு சார். சரிபார்க்காம சொல்லிட்டேன்."

அவர் திட்டியிருந்தால் தேவலாம். "லைன்ல இருங்க" என்றார். பின்னால் யாரிடமோ பேசுகிற சத்தம் கேட்டது. பெங்களூரிலிருந்து வந்துகொண்டிருந்த இரண்டு விமானங்களைத் தள்ளியே நிறுத்திச் சுற்றவிடச் சொன்னார். இரண்டு விமானம் நிறைய மனிதர்கள், குழந்தைகள், அவசர வேலைக்காரர்கள், எல்லோரும் என்னால் வானத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். பெட்டி தரையைத் தொட்டது உறுதியாகிற வரைக்கும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு அவர் வைத்தார்.

மைக்கை எடுத்தேன். என் குரல் எனக்கே கடுமையாகத் தெரிந்தது.

"பாய், கையில பிடிக்கிற ஆன்டெனாவை எடுங்க. கொஞ்சம் கொஞ்சமாத் திருப்புங்க. ஒவ்வொரு திசைக்கும் என்ன கேக்குதோ அதையே சொல்லுங்க."

பெட்டி நிமிஷத்துக்கு ஒருமுறைதான் பேசும். ஒவ்வொரு கீச்சுக்கும் அவர் ஒரு பக்கம் திரும்பி நின்று எண் சொன்னார். வடமேற்கு, ஒன்று. மேற்கு, இரண்டு. மேற்கே கொஞ்சம் தெற்காக, மூன்று. தெற்கு, ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லை என்பதையும் அப்படியே சொன்னார். ருக்ஸானா ஸ்கேலை வைத்து வரைபடத்தில் வாலாஜாபாத்திலிருந்து ஒரு கோடு இழுத்தாள். பென்சில் முனை உடைந்தது. வேறு பென்சில் எடுத்துக்கொண்டாள்.

அந்தக் கோட்டின்மேல் எங்கே என்று தெரிய இன்னொரு இடத்திலிருந்து இன்னொரு கோடு வேண்டும். ஜமீர் வேனை விரட்டினான். காஞ்சிபுரம் சாலையில் அய்யம்பேட்டையில் நிறுத்தி மறுபடியும் அதே வேலை. இரண்டு கோடுகளும் காஞ்சிபுரத்துக்குத் தென்மேற்கே வெட்டிக்கொண்டன. அவை வெட்டிய இடத்தைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டு, இது பெட்டி சொன்ன இடமில்லை, ஆன்டெனாவைத் திருப்பிப் பார்த்த உத்தேசம் என்று சேர்த்தே போனில் சொன்னேன். அதிகாரி குறித்துக்கொண்டார்.

எட்டு இருபத்துநான்குக்கு வேன் செவிலிமேடு பாலத்தில் ஏறியபோது, பாயின் லேப்டாப் முதல்முறையாக ஒரு கீச்சை முழுசாகப் பிடித்தது. பலூன் எப்போதோ வெடித்து, பெட்டி பதினோராயிரம் மீட்டரில் இறங்கிக்கொண்டிருந்தது. விமானங்களின் உயரம். நடுவில் பல கீச்சுகள் தப்பிப்போய், அடுத்துப் பிடித்தது ஆறாயிரத்து நானூறு. அடுத்து இரண்டாயிரத்துச் சொச்சம். நான் ஒவ்வொன்றையும் போனில் சொன்னேன். எட்டு நாற்பத்தெட்டுக்குப் பெருநகர் பக்கம் ஒரு வேர்க்கடலைக் காட்டில் அது தரையில் கிடப்பதாக எண் வந்தது.

"ஓகே. நோட் பண்ணிக்கறேன்," என்றார் அதிகாரி. "ஏழு ஐம்பதுக்கு ஏன் அப்படிச் சொன்னீங்கன்னு எழுத்துல கொடுங்க. அதுக்கப்புறம்தான் அடுத்த அனுமதி பத்திப் பேச்சு."

நான் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். கேஷவ் தண்ணீர் கொண்டுவந்தான்.

கல்லூரி வேனில் ருக்ஸானாவும் நானும் பெருநகர் போய்ச் சேரப் பதினொன்றாகிவிட்டது. வழி நெடுக அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். எழுத்தில் கொடுக்க வேண்டியதை நான் மனதுக்குள் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தேன். பாய் பேரைப் போடுவதா வேண்டாமா என்பதிலேயே ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கொண்டேன்.

ரோட்டோரமாக நின்ற ஜமீர்தான் நாங்கள் வருவதற்குள் நடந்ததைத் தனியாக என்னிடம் சொன்னான். பெட்டி கிடைத்ததும் பாய் ஒரே ஒரு முறை திறந்து பார்த்தாராம். ஆன்டெனா வயர் சேரும் இடத்தில் ஈயம் சரியாக உருகாமல் பொக்கையாக நின்றிருக்கிறது. மேலே இருந்த குளிரில் அது விண்டும் போயிருக்கிறது. வேனில் கேஸில் எரிகிற சால்டரிங் அயன் இருந்தது.

"ரெண்டு நிமிசத்துல சூடு வச்சு ஒட்டிடு மச்சான், பேட்டரி வீக்காயிடுச்சுன்னு சொல்லிக்கலாம், புள்ள மனசு ஒடஞ்சிடும்னு நான்தான் சொன்னேன் மேடம். அவரு அயனை எடுத்தாரு. கொஞ்ச நேரம் கையிலயே வச்சிகினு இருந்தாரு. அப்பறம் உள்ள வச்சிட்டாரு. மூடிட்டு அப்டியே குந்திகினு கீறாரு."

பாய் வரப்பில் உட்கார்ந்திருந்தார், மடியில் பெட்டி. மகள் வருவதைப் பார்த்ததும் எழுந்தார். வழக்கமாக அவளைக் கண்டால் வரும் சிரிப்பு வரவில்லை. பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினார்.

"நீயே தொறந்து பாரும்மா."

அவள் மண்ணில் மண்டியிட்டுத் திறந்தாள். வயரை நகத்தால் தொட்டாள். அது ஆடியது. அது என்னவென்று அவளுக்கு விளக்க வேண்டியதில்லை.

"இது உன் தப்பு," என்றார் பாய். "நேத்தே அது எனக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரிஞ்ச வரைக்குமாவது சொல்லிருக்கணும். அது என் தப்பு."

இந்த மனிதர் ஒருவரைப் பார்த்து உன் தப்பு என்று சொல்லி நான் கேட்டது அதுவே முதல் தடவை. என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பாவமாக இருந்தது. இனிமேல் இவர்கள் சரியாகிவிடுவார்கள் என்று அவசரப்பட்டு நினைத்தும்விட்டேன்.

ருக்ஸானா பெட்டியை மூடவில்லை. அழவும் இல்லை. வயரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"பன்னெண்டாவது முடிச்சப்ப அம்மா என்னை பி.காம்.ல போடச் சொன்னாங்க. எனக்குமே பயமாத்தான் இருந்துச்சு. நீங்கதான், உனக்கு இந்த வேலை கைவருது, நான் பாத்துகினு தானே கீறேன்னு சொல்லி இதுல சேத்துவிட்டீங்க." இப்போது அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அத்தா, அதுவும் இந்த மாதிரிதானா?"

பாய் பதறிப்போனார். "இல்லம்மா. அது நெசம். உன் கையி... நான் எத்தினி பேரைப் பாத்துகீறேன். அல்லா மேல சத்தியமா நெசம்மா."

அவர் சொன்னது உண்மை. மூன்று வருஷமாக அவளை லேபில் பார்க்கிறவள் நான், எனக்குத் தெரியும். நானும் அதையே சொன்னேன். அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள், நம்பலாமா என்று தேடுகிற பார்வை.

"சரி அத்தா," என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு நடந்தாள். அவர் கேட்டுச் சந்தோஷப்படட்டும் என்று சொன்ன சரி அது.